சும்மா இருக்கும் கைகள்

ஜனவரி 6, திங்கள்

இந்த வருஷத்து டைரி இவர் வேலை பார்த்த ரிக் கம்பெனியில் கொடுத்தது. அட்டையில் போர்வெல் வண்டியின் படம் போட்டிருக்கிறது. நீங்கள் ஓட்டின வண்டிதானா என்று இவரிடம் கேட்டேன். "எல்லா வண்டியும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அம்மிணி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருச்செங்கோட்டில் தெருவுக்கு நாலு பேர் போர்வெல் வண்டியில் போகிறவர்கள். இவரும் கல்யாணமான நாளிலிருந்து சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று பூமியில் ஓட்டை போட்டுக்கொண்டே திரிந்தவர். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு வருஷத்துக்கு முன் வண்டி மேலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இப்போது வருஷம் முழுக்க வீட்டில் இருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டியதையெல்லாம் பழைய டைரிகளில் எழுதியாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். என் கொழுந்தனார் மயில்சாமி இன்றைக்குப் பேச்சைத் தொடங்கிவிட்டார். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். காலையிலும் சாயங்காலமும் அவர் தோளைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, இவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவோம்.

"அண்ணி, மே மாசத்தோட நாங்க ஓசூருக்குப் போயாகோணும். புள்ளைக்கு அங்கதான் ஸ்கூலு. அண்ணனைக் கோயமுத்தூர்ல ஒரு ஹோம்ல சேத்தரலாம். நல்லா பாத்துக்கறாங்களாம். நீங்க ஒத்தைல எப்படித் தூக்குவீங்க?"

"தூக்கறேன் தம்பி" என்றேன்.

அவர் போனதும் தூக்கிப் பார்த்தேன். கட்டிலை விட்டு ஒரு விரக்கடைகூட எழும்பவில்லை. இரண்டு பேரும் மெத்தையில் சாய்ந்து விழுந்தோம். இவர் முதலில் சிரித்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி 8, புதன்

ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. சங்ககிரி ரோட்டில் செருப்புக்கடைக்கு மாடி. பதினொரு மணியிலிருந்து ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். உள்ளே ரப்பர் வாசனையும் வியர்வை வாசனையும். எல்லாப் பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிற்கிறேன்.

சொல்லிக்கொடுக்கிற பெண் பெயர் கிருபா. ஈரோட்டுக்காரி. எடை தூக்கும் போட்டிகளில் கலந்துகொண்டவளாம். தோள் அகலமாக, குரல் கணீரென்று இருக்கிறாள்.

"அக்கா என்ன வேலை பாக்கறீங்க?"

"வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

"எடை கொறைக்கோணுமா?"

"இல்ல கண்ணு. பலம் வேணும்."

அவள் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். எதற்கு என்று கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இந்த ஊரில் நான் எந்தக் கடைக்குப் போனாலும் "பாவம்" என்று ஒரு பார்வை காத்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வை இல்லாத இடமாக ஒரு மாடியாவது இருக்கட்டும்.

ஜனவரி 9, வியாழன்

உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு இவர் கூட்டாளிகள் லீவில் வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். கூடவே அவர்கள் மனைவிமார்களும். அந்தப் பெண்கள் எங்கள் வீட்டிலும் உட்காரவில்லை. புருஷன் கைக்குத் தண்ணீர், புருஷன் கைக்குத் துண்டு என்று நின்றுகொண்டே இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ரிக்கிலிருந்து வந்த ஆண்பிள்ளை வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது. பதினொரு மாதம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன், அந்த ஒரு மாதமாவது கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும் என்பதுதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இவர் தானே எழுந்து சொம்பை எடுத்ததற்கு என் மாமியார் என்னைப் பேசின பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து இவர் கேட்பதற்கு முன்னாலேயே கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

வந்தவர்கள் இவர் கையைப் பிடித்துப் பார்த்து, "ஒத்தக் கையில இரும்பு ராடு மாத்துன கையி" என்றார்கள். இவர் கையை உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 29, புதன்

வாரத்துக்கு மூன்று நாள் போகிறேன். தரையில் கிடக்கிற கம்பியைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்பதுதான் எனக்கு முக்கியமான பயிற்சி. டெட்லிஃப்ட் என்கிறாள். நிறுத்தாமல் நாலைந்து தரம் தூக்கி இறக்கினால் ஒரு செட். முதலில் வெறும் கம்பி. இப்போது இரண்டு பக்கமும் தட்டு போட்டு முப்பத்தைந்து கிலோ. முதுகை வளைக்காமல் காலால் எழ வேண்டும். இத்தனை வருஷம் குடத்தை எடுத்ததெல்லாம் தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.

கிருபா இன்றைக்கு விளக்கினாள். "ஒரு வாரத்துல ஒரு தசைக்கு மொத்தமா எத்தனை செட்டு வேலை குடுக்கறோம், அதான் கணக்கு அக்கா. ரெண்டு நாளுல செஞ்சாலும் சரி, நாலு நாளுல பிரிச்சாலும் சரி, மொத்தம் ஒண்ணா இருந்தா தசை வளர்றதுல பெருசா வித்தியாசம் இல்ல. மொத்தத்தைக் கூட்டுனா வளர்ச்சியும் கூடும். ஆனா கூட்டிட்டே போனா, போகப் போக லாபம் கம்மியாயிரும்."

"பலம்?"

"பலம் கொஞ்சம் வேற. அதுக்கு எடை கனமா இருக்கோணும். செட்டு கொஞ்சம் போதும். நடுவுல ஒடம்பு தேறோணும்."

கனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் போதும் என்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு மே மாதம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றைக்குத் தனியாகத் தூக்கிவிட்டேன்!

செல்போனில் ஒரு வீடியோ பார்த்து வைத்திருந்தேன். அவர் முழங்காலுக்கு என் முழங்காலை முட்டுக் கொடுத்து, இடுப்பில் கட்டின பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து, அவர் என் கழுத்தைக் கட்டிக்கொள்ள, அப்படியே நிமிர்ந்து, திரும்பி, நாற்காலியில் இறக்க வேண்டும். நாற்காலி ஓர் அடி தூரத்தில்தான் இருக்கிறது. நிமிர்ந்து நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அவர் முழு எடையும் என்மேல். தாடி கன்னத்தில் குத்தியது. சவரம் செய்து நாலு நாளாகியிருந்தது. என்னைவிட அவர் உயரம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

"அம்மிணி, உன்ற நெஞ்சு அடிச்சுக்கறது எனக்குக் கேக்குது" என்றார்.

"இத்தனை கனத்தைத் தூக்குனா அடிக்காம என்ன பண்ணும்" என்று சொல்லி இறக்கிவிட்டேன்.

மயில்சாமியிடம் இனிமேல் காலையில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சாயங்காலமும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "மே வரைக்கும் நா இருக்கேன்ல அண்ணி, எதுக்கு அவசரம்?" என்றார். பழகிக்கொள்ள வேண்டாமா என்றேன். அவருக்குத்தான் எத்தனை வேலை.

மத்தியானமும் ஒரு தரம் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு, வாசலில் காற்று வாங்கட்டும் என்று. திரும்பக் கட்டிலுக்கு. இவர் கேட்கவில்லைதான்.

மார்ச் 3, திங்கள்

ஐம்பது கிலோவில் நின்றுவிட்டேன். இரண்டு வாரமாக அதே ஐம்பது. இன்றைக்கு அதுவும் தரையை விட்டு வரவில்லை. கிருபா கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்லாச் சாப்பிடறீங்களா? முட்டை, பயறு?"

"சாப்பிடறேன்."

"வேற ஏதாச்சும் பாரம் தூக்கற வேலை இருக்கா வீட்டுல?"

"இல்ல கண்ணு. சும்மாதான் இருக்கேன்."

"அப்ப வேலை பத்தலைன்னு அர்த்தம். வாரத்துல நாலு நாளு வாங்க, ரெண்டு செட்டு கூட்டறேன்."

நாலு நாள் என்ன, ஆறு நாளும் வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். நான் போகப்போகிறேன்.

மார்ச் 8, சனி

இன்று மகளிர் தினமாம். ஜிம்மில் ஆளுக்கு ஒரு ரோஜா கொடுத்தார்கள். ஸ்கூட்டர் வண்டியில் வைத்துக்கொண்டு வந்ததில் வாடிவிட்டது.

மார்ச் 12, புதன்

வலது கை விரல்கள் மரத்துப் போகின்றன. பால் பாக்கெட்டை வெட்டும்போது கத்தரி நழுவியது. அதற்காகப் பால்காரரிடம் எரிந்து விழுந்தேன், அவர் என்ன செய்வார் பாவம். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, படுத்தால் வருவதில்லை. உடம்பு என்னுடையது மாதிரியே இல்லை, யாருடையதையோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

ஜிம்முக்குப் போனேன். நாற்பது கிலோ வந்தது. ஜனவரி முடிவில் வந்தது முப்பத்தைந்து. இத்தனை பாடுபட்டு இவ்வளவுதான்.

மார்ச் 18, செவ்வாய்

கீழே போட்டுவிட்டேன்.

குளியலறையில். நாற்காலியிலிருந்து ஸ்டூலுக்கு மாற்றும்போது கை விட்டுவிட்டது. என்னோடு சரிந்து ஈரத் தரையில் உட்கார்ந்தபடி விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. மறுபடி தூக்கப் பார்த்தேன். கையில் துணி பிழியக்கூடத் தெம்பில்லை, ஓர் ஆளைத் தூக்குவதாவது. மயில்சாமிக்கு போன் போட்டேன், தறிப்பட்டறையில் இருந்தார், வர நேரமானது. அதுவரை நானும் தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவர் குழாயடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோயமுத்தூருக்கே போயர்றேன் அம்மிணி" என்றார். "நீ செத்துருவ."

"வாய மூடுங்க" என்றேன். கட்டின புருஷனை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மயில்சாமி வந்து தூக்கினார். போகும்போது வாசலில் நின்று, "நா அந்த ஹோமுக்குப் போன் பண்ணி வெக்கறேன் அண்ணி. ஜூன் ஒண்ணாந் தேதிக்கு ஒரு பெட்டு சொல்லிரலாம். வேண்டாம்னு சொல்லாதீங்க" என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

மார்ச் 20, வியாழன்

ஜிம்மில் அழுதுவிட்டேன். நாலு பக்கமும் கண்ணாடியில் நானே அழுதுகொண்டிருந்தது அசிங்கமாக இருந்தது. கிருபா மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ தூக்கறீங்க?"

எண்ணினதில்லை என்றேன். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, அங்கிருந்து கழிப்பறைக்கு, குளிக்க, திரும்ப நாற்காலிக்கு, மத்தியானம் படுக்கக் கட்டிலுக்கு, வாசலில் காற்று வாங்க மறுபடி நாற்காலிக்கு... அவள் விரல் விட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு கை விரலும் முடிந்து மறுபடி ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அறுபது கிலோ ஆளு. தெனமும். ஞாயித்துக்கெழமையும் லீவு இல்ல. இதத்தான் சும்மா இருக்கேன்னீங்களா?"

"வீட்டு வேலையச் சொல்லுவாங்களா கண்ணு."

"போட்டிக்குத் தயாராகறவங்களுக்குக்கூட நா இவ்வளவு குடுக்க மாட்டேன். இதுக்கு மேல செட்டைக் கூட்டுனேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்." அவளுக்குக் கோபம் வந்தால் கண் கலங்குகிறது. "உங்களுக்குப் பலம் வராம இல்லக்கா. வந்த பலத்தை ஒடம்பு வெளிய காட்டறதுக்கு நீங்க நேரமே குடுக்கல."

ஒரு வாரம் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றாள். அப்புறம் வாரத்துக்கு இரண்டே நாள், கொஞ்சம் செட், கனமான எடை. வீட்டில் தூக்குவதைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். மயில்சாமியை மறுபடி வரச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

நான் செருப்பைப் போடும்போது கேட்டாள், "அவரு கைக்கு என்ன ஆச்சுக்கா?"

"கைக்கு ஒண்ணும் ஆகல. இடுப்புக்குக் கீழதான்."

"அப்ப அவரு ஏன் அவரைத் தூக்கக் கூடாது?"

மார்ச் 21, வெள்ளி

சின்னப் பெண், நேற்று முளைத்தவள். அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. உடம்பு முடியாத மனுஷரை நீயே ஏறு, நீயே இறங்கு என்று சொல்ல வேண்டுமாம். நான் எதற்கு இருக்கிறேன்?

இவர் விழுந்தபோது சேர்த்திருந்த கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலும் பிசியோதெரபி டாக்டர் இப்படித்தான் ஏதோ சொன்னார். கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, வழுவழுவென்று ஒரு பலகையில் நகர்ந்து நாற்காலிக்குப் போகலாம் என்று. பலகையும் வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கு இவர் கையை ஊன்றப் போனார். மயில்சாமியும் நானும் பதறிப்போய், நாங்க எதுக்கு இருக்கோம் என்று தூக்கிவிட்டோம். அடுத்த நாளும் தூக்கினோம். அப்புறம் அவர் ஊன்றவில்லை.

அந்தப் பலகை மொட்டை மாடியில் இருக்கிறது. வடகம் காயப் போட வசதியாக இருக்கிறது, அகலமான பலகை.

மார்ச் 22, சனி

வடகத்தை முறத்துக்கு மாற்றிவிட்டுப் பலகையைத் துடைத்துக் கீழே கொண்டுவந்து வைத்தேன். அடுப்படியில். இவர் கண்ணில் படாத பக்கம்.

மார்ச் 30, ஞாயிறு

கிருபா வீட்டுக்கு வந்தாள். நான் வரச் சொல்லவில்லை. பலகை எங்கே என்றுதான் முதலில் கேட்டாள்.

இவர் சட்டை போட்டுவிடச் சொன்னார். அன்னியப் பெண் முன்னால் பனியனோடு இருக்க மாட்டார். கிருபா அவர் இடுப்புக்கு இரண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கி மேலே துணியைச் சுற்றினாள். "அதுல கைய ஊனி ஒடம்பத் தூக்குங்கண்ணா. சும்மா ஒரு விரக்கடை."

ஊன்றினார். முகம் சிவந்தது. தோள் ஆடியது. உடம்பு அசையவில்லை. இரும்புக் குழாயை ஒற்றைக் கையால் மாற்றின மனுஷர். இரண்டு வருஷம் அந்தக் கைகள் டிவி ரிமோட்டைத் தவிர எதையும் தூக்கவில்லை. ஒரு செங்கல்லை எடுத்துச் சுவரில் எறிந்தார். சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது. நான் அடுப்படிக்குப் போகத் திரும்பினேன், கிருபா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், "எத்தனை தடவ பண்ணோணும்?"

"வாரத்துக்கு மூணு நாளு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் செட்டு. நடுவுல வர்ற நாளு சும்மா இருக்கோணும். சும்மா இருக்கறதும் இதுல ஒரு வேலைதான்."

"சும்மா இருக்கறதுல எனக்கு ரெண்டு வருசம் சர்வீசு" என்றார்.

கிருபா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை, ஆனால் எறிந்த செங்கல்லை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எடுக்கக் குனிந்தேன். கிருபா, "நாற்காலியில உக்காந்து அவரே எடுப்பாரு, விடுங்க" என்றாள். அந்தக் கல் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

அடங்கவில்லை இந்த மனுஷர். நான் கடைக்குப் போகிற நேரத்தில் தினமும் செய்கிறார். தோள் வலி என்று நேற்று ராகி உருண்டையைப் பிசையக்கூட முடியவில்லை. ஊட்டிவிட்டேன். கிருபாவிடம் போனில் சொன்னேன். "அண்ணாகிட்டக் குடுங்க" என்று வாங்கி அவரை ஒரு பிடி பிடித்தாள். மறுபக்கம் பேசின குரல் எனக்கே கேட்டது. "ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா? கூடச் செஞ்சா கூட வரும்னு யாரு சொல்லிக்குடுத்தது?"

இவர் போனை என்னிடம் தந்துவிட்டு, "கம்பெனி மேனேஜர் மாதிரிப் பேசுது" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். மத்தியானம் இவர் செங்கல்லில் ஊன்றினார். மெத்தைக்கும் அவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நான் குனிந்து பார்த்தேன். நிஜமாகவே தெரிந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

வீட்டில் மறுபடி மயில்சாமி வந்து கைகொடுக்கிறார். ஜிம் வாரத்துக்கு இரண்டே நாள். போய் வருவதற்குள் முடிந்துவிடுகிறது, ஏமாற்றின மாதிரி இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஐம்பத்தைந்து கிலோ வந்தது. போன வாரம் ஐம்பது. மாங்கு மாங்கென்று உழைத்தபோது வராதது, கையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வருகிறது. இதில் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா தெரியவில்லை. விரல் மரப்பது நின்றுவிட்டது. தூக்கம் வருகிறது.

மே 7, புதன்

அக்கினி வெயில். இவர் பலகையில் பாதி தூரம் வந்துவிட்டார். மீதிப் பாதிக்கு நான் பெல்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. இழுக்கும்போது ஒரு கையை என் தோளில் போடப் பார்த்தார். "பலகையப் புடிங்க" என்று கிருபா சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன். எடுத்துவிட்டார்.

மே 18, ஞாயிறு

கிருபா ஜிம்முக்கு வரச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள் என்று. அறுபத்தைந்து கிலோ போட்டாள். இவர் எடையைவிட அதிகம். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. முழங்கால் தாண்டி, தொடை தாண்டி, நிமிர்ந்து நின்றேன். கண்ணாடியில் எல்லாப் பக்கமும் நின்றேன். கிருபா கை தட்டினாள்.

இன்றைக்கு வீட்டுக்கு வந்து தூக்கிக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். வந்து பார்த்தால் இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பலகை கிடக்கிறது. சட்டையெல்லாம் வியர்வை. தனியாகவே வந்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, கல்யாண போட்டோவில்கூட அப்படி இல்லை.

எனக்கும் சந்தோஷம்தான். கொடியில் துணி இருக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டேன். துணி இன்னும் காயவில்லை. காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

மே 25, ஞாயிறு

மயில்சாமி வந்து பார்த்தார். இவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து ஸ்டூலுக்கு என்று பலகையைப் போட்டுப் போட்டுப் போய்க் காட்டினார். தறிப் பட்டறையில் புதுத் தறி ஓட்டிக் காட்டுகிற மாதிரி இருந்தது. மயில்சாமி வாசலுக்கு வந்து, என் முன்னாலேயே ஹோமுக்கு போன் போட்டு பெட் வேண்டாம் என்று சொன்னார். "என்ற அண்ணன் இங்கயே இருக்கட்டுங்க" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

ஜெயித்துவிட்டோம். இதை எழுதிவிட்டு வேறு என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.

மே 30, வெள்ளி

மயில்சாமி குடும்பம் ஓசூர் போய்விட்டது. பக்கத்து வீடு பூட்டு.

ஜூன் 3, செவ்வாய்

இவரே எழுகிறார், இவரே குளிக்கிறார். தண்ணீர் சொம்பை இவரே எடுக்கிறார். என் மாமியார் இருந்திருந்தால் என்னைத் தெருவில் நிறுத்தியிருப்பார். காலையில் அரை மணி நேரம் மிச்சமாகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நேற்று அரிசி டப்பாக்களைக் கழுவினேன். இன்றைக்கு மறுபடி கழுவினேன்.

நல்லதுதான். முதுகுக்கு நல்லது. எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் எதற்கோ எரிச்சலாக வருகிறது. சாப்பிடும்போது, குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்னதற்கு, கைதான் நல்லா இருக்கே, போட்டுக்குங்க என்று சொல்லிவிட்டேன். போட்டுக்கொண்டார். அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 5, வியாழன்

கிருபாவிடம் கேட்டேன். "இனி வீட்டுல தூக்கற வேலை இல்ல. தூக்காம விட்டா இந்தப் பலம் போயிருமா கண்ணு?"

"ஏனக்கா போகுது? வர வெக்கத்தான் பாடு. வந்ததக் காப்பாத்த வாரத்துக்கு ஒரு தடவ கனமாத் தூக்குனாப் போதும். நெம்ப நாளைக்கு அப்படியே இருக்கும்."

"ஒரு தடவ போதுமா?"

"போதும். ஆனா விட்டுராம செய்யோணும்."

மத்தியானம் சாப்பிடும்போது வேறு பேச்சு இல்லாததால் இவரிடமும் இதைச் சொன்னேன். ம் என்றார். டிவியில் தேர்த் திருவிழாவுக்குக் கொடியேறியதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

ஊரெல்லாம் தேருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. மேளச் சத்தம். டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இவர் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் மழுமழுவென்று இருந்தது, எனக்குத் தெரியாமல் சவரம் செய்திருக்கிறார். நாற்காலி பக்கத்தில் இருந்தது. பலகை எட்டாத தூரத்தில் சுவரில் சாத்தியிருந்தது.

"பலகை வேணுமா? எடுத்துத் தரட்டா?"

"வேண்டாம்."

இரண்டு கையையும் என்னைப் பார்த்து நீட்டினார், பிப்ரவரியில் என் கழுத்தைக் கட்டிக்கொள்ள நீட்டின மாதிரியே.

"உங்களுக்குத்தான் வருதே" என்றேன்.

"எனக்கு வருது. உன்ற பலம் போயிரக் கூடாதில்ல அம்மிணி. வாரத்துக்கு ஒரு தடவ தூக்கோணும்னியே. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை."

டீயைக் கீழே வைத்தேன். முழங்காலுக்கு முழங்கால் முட்டுக் கொடுத்தேன். இடுப்பைப் பிடித்தேன். அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அந்தக் கைகளில் இப்போது நல்ல பிடி. நிமிர்ந்தேன். கனமே தெரியவில்லை.

நாற்காலி ஓர் அடி தூரத்தில்தான் இருந்தது. நான் திரும்பவில்லை. அவரும் இறக்கிவிடு என்று சொல்லவில்லை. மேளம் எங்கள் தெருவைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் போய்விட்டது, அதுவரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.